மழை இரவில் வேண்டாம், நடக்கும்போது பேசுங்கள்

கேள்வி இதுதான். அட்லாண்டாவில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் இளைஞர், வேலையை விட்டுவிட்டு வரும் மார்ச்சில் அப்பலாச்சியன் டிரெயில் என்ற நீண்ட மலைத்தடத்தில் நடக்கக் கிளம்புகிறார். ஜார்ஜியாவின் ஸ்ப்ரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். ஐந்தாறு மாதம் முன்பின் தெரியாதவர்களோடு நடந்து, சாப்பிட்டு, அவர்கள் பக்கத்திலேயே படுத்துத் தூங்க வேண்டும். ஏற்கெனவே நடந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், "அங்கே அரசியலை மட்டும் எடுக்காதே, அது யாரும் எழுதிவைக்காத சட்டம்" என்கிறாராம். இன்னொருவர், "ஆறு மாசம் அரசியல் பேசாம இருக்க நாம என்ன கல்லா?" என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறார்.

நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன். இந்தத் தடத்தை ஒரே மூச்சில் நடந்து முடித்தவன் இல்லை. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் துண்டு துண்டாக நடப்பவன். வசந்தத்தில் எங்கள் பக்கத்துத் தன்னார்வலர்களோடு போய் விழுந்த மரங்களை அறுத்து, வழியைச் சீர்செய்துவிட்டு வருபவன். அந்த வகையில் இந்தக் கேள்வியை நிறைய இரவுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதைப் பேசுகிறோம் என்பதைவிட எங்கே வைத்துப் பேசுகிறோம் என்பதுதான் முக்கியம். பிடிக்கவில்லை என்றால் கேட்பவர் எழுந்து போய்விடலாம் என்கிற இடத்தில் தாராளமாகப் பேசுங்கள். அவருக்குப் போக வழியில்லாத இடத்தில் அரசியலை எடுக்காதீர்கள். உங்கள் இரண்டு நண்பர்களும் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல்தான் சண்டை போடுகிறார்கள்.

போக வழியில்லாத இடம் என்றால் முதலில் ஷெல்டர். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று பக்கம் மரச்சுவர் அல்லது கல்சுவர், நான்காவது பக்கம் திறந்தே கிடக்கும். பலகைத் தரையில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ வரிசையாகத் தூக்கப்பையை விரித்துப் படுப்பார்கள். திரும்பிப் படுத்தால் அடுத்தவர் மூச்சு முகத்தில் படும். இரவு ஒன்பது மணியை 'ஹைக்கர் மிட்நைட்', அதாவது நடப்பவர்களின் நள்ளிரவு, என்பார்கள். அதற்குமேல் யாராவது பேசினால் இருட்டிலிருந்து ஒரு செருமல் வரும். நல்ல வானிலை என்றால் பிடிக்காதவர் வெளியே கூடாரம் அடித்துக்கொள்ளலாம். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் அதுவும் கிடையாது. முழுத்தடமும் நடப்பவர் ஷெல்டரில் இடமிருந்தால் ஷெல்டரில்தான் படுக்க வேண்டும், நிரம்பிவிட்டால்தான் பக்கத்தில் கூடாரம். ஜார்ஜியாவிலிருந்து கிளம்பியவருக்கு ஸ்மோக்கி வருவது மூன்றாவது வாரத்தில். கால் கொப்புளம் இன்னும் ஆறியிருக்காது, குளிர் விட்டிருக்காது, கூட வருபவர்களின் பெயர்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் எட்டுப் பேர் அடைபட்ட கூரையின்கீழ் ஒருவர் அமெரிக்க எல்லையைப் பற்றி ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு அப்படி ஓர் இரவு வாய்த்தது, தென்மேற்கு வர்ஜீனியாவில். ஏப்ரல் மாதம், பனி கலந்த மழை, நாலு மணிக்கே எல்லோரும் நனைந்துபோய் உள்ளே வந்துவிட்டோம். ஐம்பது வயதுக்காரர்கள் இருவர், நண்பர்கள் இல்லை, அன்றுதான் சந்தித்தவர்கள். அடுப்பில் நூடுல்ஸ் வேகும்போது ஆரம்பித்த பேச்சு, தட்டைக் கழுவும்போது குடியேற்றத்தில் வந்து நின்றது. ஒருவர் மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட வேண்டும் என்றார், மற்றவர் வெட்கக்கேடு என்றார். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். சுவர் ஓரமாகப் படுத்திருந்த இருபது வயதுப் பெண் ஒன்றுமே சொல்லாமல் தூக்கப்பையைச் சுருட்டி, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, அந்த மழையில் வெளியே போய்க் கூடாரம் அடித்தாள். ஆணி அடிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. சுவர் கட்சிக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "உங்களைச் சொல்லலை, நீங்க முறைப்படி வந்தவர்தானே" என்று சொல்லி, தன்னுடைய சாக்லேட்டில் ஒரு துண்டை உடைத்து நீட்டினார். அவர் ஊரில் அதுதான் மரியாதை போலிருக்கிறது. வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? மழை நின்றபாடில்லை.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டுப் பையை மேலே ஏற்றும் கம்பி மறுநாள் காலையில் சிக்கிக்கொண்டபோது, முதல் ஆளாக வந்து பிரித்துக்கொடுத்தவர் அவர்தான். அவருடைய கருத்தோடு எனக்கு ஒட்டாது, அது வேறு. அன்றைக்குத் தப்பாகப் போனது கருத்தில் இல்லை. ஒரு பெண் நனையவும் நான் சாக்லேட்டோடு சேர்த்து ஒரு சான்றிதழை விழுங்கவும் வேண்டியிருந்ததே, அதில்தான்.

இப்போது அடுத்த பக்கத்துக்கு வருகிறேன். நடக்கும்போது பேசுவதைப் போல அரசியல் பேச வசதியான ஏற்பாடு உலகத்தில் வேறு இல்லை என்பது என் கட்சி. தடம் ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். முகம் தெரியாது. முகம் தெரியாததால் எதிராளியின் உதடு சுழிவதைப் பார்த்துக் கோபப்பட வேண்டியதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், யாராலும் நீளமாகப் பிரசங்கம் செய்ய முடியாது. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நாற்பது அடி சும்மா நடந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சு பிடிக்கவில்லையா, "நான் கொஞ்சம் முன்னாடி போறேன்" என்று சொல்லி நடையை எட்டிப் போடலாம். அல்லது ஷூ லேஸ் கட்டக் குனிந்து பின்தங்கிவிடலாம். யாருக்கும் மானப் பிரச்சினை இல்லை.

டென்னசிப் பக்கம் ஒருமுறை, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரோடு ஒரு காலை முழுக்க நடந்தேன். அவர் கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கியது. தண்ணீரில் நனைத்துவிட்டால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் ரகம், அதற்குள் இன்சுலின். ஓடை வரும்போதெல்லாம் நின்று அதை நனைப்பார். பேச்சும் அங்கிருந்துதான் தொடங்கியது. மருந்தின் விலை, சுரங்கம் மூடியதும் போன மருத்துவக் காப்பீடு, ஊரில் கடைசியாக மூடிய மளிகைக் கடை. அவர் சொன்ன நோய்களை எல்லாம் நானும் ஒத்துக்கொண்டேன், அவர் சொன்ன வைத்தியத்தில் ஒன்றைக்கூட ஒத்துக்கொள்ளவில்லை. அதை அவரிடமே சொன்னேன். "நீ கம்ப்யூட்டர் ஆள், உனக்குத் தெரியாது" என்றார். "நீங்க ஓட்டுப் போட்டவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்டேன். பதில் வர ஒரு மேடு முழுக்க ஆனது. வந்த பதிலும் நான் எதிர்பார்த்தது இல்லை: யாரும் எதுவும் செய்யவில்லை, ஆனால் அவர்கள் மட்டும்தான் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள் என்றார். இதே பேச்சு ஷெல்டரில் நடந்திருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் அப்படி ஒத்துக்கொள்வார்கள்?

வாதத்தை நடந்து தீர்ப்பது இந்த மலைக்குப் புதிதும் இல்லை. 1954 ஜனவரியில், வாஷிங்டன் நகரத்துக்கும் கம்பர்லண்ட் ஊருக்கும் இடையே பாழடைந்து கிடந்த சி அண்ட் ஓ கால்வாயின் கரையில் கார்ச்சாலை போடலாம் என்று வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்கே ஒரு கடிதம் போட்டார்: தலையங்கம் எழுதியவர் என்னோடு சேர்ந்து முழுக் கரையையும் நடந்து பார்க்கட்டும், அப்புறம் எழுதட்டும். பத்திரிகைக்காரர்கள் சவாலை ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் மாதம், எட்டு நாள், சுமார் 297 கிலோமீட்டர். கும்பலாகக் கிளம்பி, கடைசிவரை முழுதும் நடந்தவர்கள் ஒன்பதே பேர். முடிவில் பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது, சாலை வரவில்லை. 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. நீங்கள் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரைத் தாண்டி மேரிலாந்துக்குள் நுழையும்போது அப்பலாச்சியன் டிரெயில் அந்தக் கால்வாய்க் கரையிலேயே நாலைந்து கிலோமீட்டர் போகும். இந்த நீளமான வழியிலேயே கால் வலிக்காத சமதரை அதுதான். அதைக் காப்பாற்றிக் கொடுத்தது ஓர் அரசியல் சண்டை.

"தடத்துக்கு அரசியலைக் கொண்டுவராதே" என்பவர்களிடம் எனக்கு இருக்கும் வழக்கு இதுதான். யாரும் புதிதாகக் கொண்டுவர வேண்டியதில்லை, அது ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறது. இந்தத் தடத்தை முதலில் கனவு கண்ட பென்டன் மெக்கே வனத்துறை ஆள். அவர் மனைவி ஜெஸ்ஸி, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். அந்த அம்மா 1921 வசந்தத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் இருந்தபோது மெக்கே எழுதிய கட்டுரைதான், அதே ஆண்டு அக்டோபரில் கட்டடக் கலைஞர்களின் இதழில் வந்த தடத்துக்கான திட்டம். அதில் அவர் கேட்டது வெறும் நடைபாதை இல்லை. ஆலைத் தொழிலாளிகள் வந்து தங்கி மூச்சுவிட முகாம்கள், உணவு விளைவிக்கும் பண்ணைகள், லாபத்துக்காக இல்லாமல் கூட்டுறவாக நடக்கும் ஓர் ஏற்பாடு. அதை உண்மையில் மண்ணில் வெட்டி முடித்தவர் மைரன் ஏவரி, கப்பல் வழக்குகள் பார்க்கும் வக்கீல். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா மலைமுகட்டில் அரசு ஸ்கைலைன் டிரைவ் என்ற கார்ச்சாலையைப் போட்டபோது இருவரும் மோதிக்கொண்டார்கள். சாலை வந்தால் காடு போச்சு என்றார் மெக்கே. அரசோடு ஒத்துழைத்துத் தடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வோம் என்றார் ஏவரி. பேச்சுவார்த்தையே நின்றுபோனது. 1937இல் தடம் முடிந்தபோது அதைக் கற்பனை செய்தவரும் அதைக் கட்டியவரும் பேசிக்கொள்ளும் நிலையில் இல்லை.

அதே ஷெனன்டோவாவில் தேசியப் பூங்கா அமைக்க வர்ஜீனியா மாநிலம் நிலத்தைக் கையகப்படுத்தியபோது நூற்றுக்கணக்கான மலைக் குடும்பங்கள் வெளியேற வேண்டிவந்தது. காட்டுக்குள் ஆப்பிள் மரமும் இடிந்த அடுப்புப் புகைபோக்கியும் தென்பட்டால் அது அவர்கள் வீடுதான். தடத்தை ஒட்டியே லூயிஸ் மவுண்டன் முகாம் வரும். அது 1939இல் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கித் திறந்தது. பூங்காவில் நிறப்பிரிவினை முழுதாகப் போனது 1950இல்தான். இன்று அங்கே குளியலறையும் கடையும் உண்டு, ஹைக்கர்கள் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிடுவார்கள். தடத்தின் மிக உயரமான புள்ளி, 6,643 அடி, அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்கின் ராணுவத்தில் ஜெனரலாக இருந்த கிளிங்மன் பெயரில் இருந்தது. அந்த மலையின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் கேட்டு, 2024 செப்டம்பரில் பழைய பெயரான குவோஹி திரும்பி வந்தது. கிளிங்மன் என்பவர், குவோஹி என்பவர் என்று அங்கேயே ஷெல்டர் இரண்டாகப் பிரிவதைக் காண்பீர்கள்.

துப்பாக்கி இன்னொரு விஷயம். தேசியப் பூங்காக்களுக்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கி எடுத்துப்போகும் உரிமை 2010 பிப்ரவரியில்தான் வந்தது, அதுவும் கிரெடிட் கார்டுச் சட்டத்தோடு ஒட்டிவந்த திருத்தமாக, ஒபாமா கையெழுத்தில். "கரடிக்காக எடுத்துட்டுப் போறேன்" என்று ஒருவர் சொல்வதும், "எனக்குப் பக்கத்துல வேண்டாம்" என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே இரவில் நடக்கும். அப்புறம் 2013 அக்டோபரில் நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அமெரிக்க அரசாங்கம் முடங்கியபோது தேசியப் பூங்காக்கள் மூடப்பட்டன. வடக்கிலிருந்து தெற்கே நடந்துகொண்டிருந்தவர்கள் ஷெனன்டோவா வாசலில் போய் நின்றார்கள். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று ஒரு தீர்ப்புச் சொன்னது. தடத்துக்கு 600 அடி கீழே எரிவாயுக் குழாய் போகலாம் என்று தீர்ப்பு வந்த மூன்றாவது வாரம், செலவு தாங்காது என்று நிறுவனங்களே அந்தக் குழாய்த் திட்டத்தைக் கைவிட்டன. 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறை சுமார் ஆயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கியது. இதெல்லாம் பேசக்கூடாது என்றால், பூட்டிக் கிடக்கும் கழிப்பறை முன்னால் நின்றுகொண்டு வானிலையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அமெரிக்காவின் மேற்கே இருக்கும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலில் இது இன்னும் வெளிப்படை. அதன் தெற்கு முனை கலிபோர்னியாவின் கேம்போ ஊரில், மெக்சிகோ எல்லை வேலியை ஒட்டி நிற்கிறது. வடக்கு முனைக்கு அப்பால் கனடா. நடந்தே எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போக வழங்கிவந்த அனுமதியை 2025 ஜனவரியில் கனடா நிறுத்திவிட்டது. முதல் அடியும் கடைசி அடியும் இரண்டு நாட்டுக் கொள்கைக்குள் இருக்கிறது, மேலே சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் முதல் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட மாட்டேன். பலபேர் ஏதோ ஒன்றிலிருந்து விலகத்தான் அங்கே வருகிறார்கள். 1948இல் முழுத்தடத்தையும் ஒரே பயணமாக நடந்ததாக முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷாஃபர், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர். கூட நடப்பதாகச் சிறுவயதில் பேசிவைத்த நண்பர் இவோ ஜிமாவில் இறந்துபோயிருந்தார். போரை உடம்பிலிருந்து நடந்து வெளியேற்றத்தான் கிளம்பினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955இல் 67 வயதில் தனியாக நடந்து முடித்த கிராண்ட்மா கேட்வுட், கணவரிடம் அடி வாங்கி வாங்கி வாழ்க்கையைக் கழித்து, விவாகரத்து பெற்றவர். இன்றும் ஆப்கானிஸ்தானிலிருந்தோ ஈராக்கிலிருந்தோ வந்தவர் யாராவது ஒருவர் உங்களோடு ஷெல்டரில் இருப்பார். அந்தப் போர் சரியா தப்பா என்று அவர் தலைமாட்டில் உட்கார்ந்து விவாதிப்பது அழகில்லை. அவராக ஆரம்பித்தால் கேளுங்கள்.

செய்தி வாசிப்பவர்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். முகட்டில் சிக்னல் கிடைத்ததும் ஒருவர் ஃபோனை எடுப்பார், அடுத்த நிமிடம் உரக்க வாசிக்க ஆரம்பித்துவிடுவார். 2024 ஜூலையில் ட்ரம்ப்பைச் சுட்டது 13ஆம் தேதி, பைடன் போட்டியிலிருந்து விலகியது 21ஆம் தேதி. வடக்கே போகும் கூட்டத்தில் பெரும்பாலோர் அப்போது நடுவழியில், காட்டுக்குள். தெரிந்துகொள்ளத் துடித்தவர்களும் இருந்தார்கள், கட்டாடின் போய்ச் சேரும்வரை எதுவும் காதில் விழ வேண்டாம் என்று கிளம்பியவர்களும் இருந்தார்கள். "ஒரு பெரிய செய்தி வந்திருக்கு, சொல்லட்டுமா?" என்று முதலில் கேட்டால் போதும். இந்த நாலு வார்த்தை கேட்காததால் பிரிந்த கூட்டாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். பாதுகாப்பைப் பற்றி ஒருவர் கேட்டால் அது அரசியல் பேச்சு இல்லை. "இந்த ஊர்ல இறங்கி லிஃப்ட் கேக்கலாமா? என்னை மாதிரி ஆளுக்குப் பிரச்சினை வருமா?" என்று ஒரு கறுப்பினப் பெண்ணோ, நம் நிறத்தில் ஒருவரோ, திருநங்கையோ கேட்டால், "இங்கே அரசியல் வேண்டாமே" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரடி நடமாட்டம் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் வரைபடத்தை விரித்துப் பதில் சொல்கிறார்கள். மனிதர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் அது கட்சிப் பேச்சாகிவிடுகிறதா? பேசாமல் இருப்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. தெற்கத்தி ஊர்கள் சிலவற்றில் இன்னும் கான்ஃபெடரேட் கொடி, உள்நாட்டுப் போரில் தோற்ற அந்தத் தெற்கின் கொடி, பறக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் புகைப்படம் எடுப்பார், இன்னொருவர் அந்த ஊரில் சாமான் வாங்காமல் அடுத்த ஊர்வரை பட்டினியாக நடப்பார். எழுத்தாளர் ரஹாவா ஹைலே, எரித்ரியக் குடும்பத்தில் வந்த அமெரிக்கப் பெண், 2016இல், அந்தத் தேர்தல் ஆண்டில், இந்தத் தடத்தை நடந்தார். கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களைச் சுமந்துபோய் ஷெல்டர்களில் வைத்துவிட்டு வந்தார். எடையைக் குறைக்கப் பல் துலக்கியின் காம்பையே ஒடித்துவிட்டு நடக்கும் கூட்டத்தில் ஒருவர் புத்தகம் சுமக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். படிக்க விருப்பமில்லாதவர் தொடாமல் போகலாம். இதைவிட மரியாதையாக ஷெல்டரில் அரசியல் பேச எனக்குத் தெரிந்து வழி கிடையாது.

ஷெல்டரில் இருக்கும் பதிவு நோட்டையும் இதே கணக்கில் சேர்க்கலாம். மனதில் இருப்பதை எழுதுங்கள், பிடிக்காதவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். சுவரில் மட்டும் கிறுக்காதீர்கள். உங்கள் தலைவரின் பெயரைச் சுரண்டி எடுக்க உப்புத்தாளோடு நாலு மைல் ஏறி வருவது என்னை மாதிரி யாராவதுதான்.

அடுத்தது கார். நாலைந்து நாளுக்கு ஒருமுறை சாமான் வாங்க ஊருக்குள் போக வேண்டும், பாதி நேரம் கட்டைவிரலைக் காட்டி லிஃப்ட் கேட்டுத்தான் போவீர்கள். வண்டி அவருடையது, வேகம் அவருடையது, பூட்டும் அவருடையது. அங்கே போக வழியில்லாதவர் நீங்கள். டாஷ்போர்டில் எந்தக் கட்சியின் தொப்பி இருந்தாலும் வாதத்தில் இறங்க வேண்டாம். அதற்காக ஒத்து ஊதவும் வேண்டாம். "உங்க ஊர் எப்படி, இந்த ரோடு எப்ப போட்டாங்க?" என்று திருப்பிவிட்டால் இருபது நிமிடம் தானாக ஓடும். 1978க்குப் பிறகு தடத்துக்காக அரசு வேகமாக நிலம் வாங்கியது, மறுத்தவர்களிடமிருந்து சட்டப்படி எடுத்துக்கொண்டதும் உண்டு. உங்களை ஏற்றிக்கொண்டு போகிறவரின் அப்பா அதில் புல்வெளியை இழந்தவராக இருக்கலாம். அந்தக் கதையை நான் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் கேட்டேன். நிலத்தைப் பறித்த அரசைத் திட்டிக்கொண்டே அந்தப் பெரியவர் என்னைத் தடம் தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டு, பின்னால் இருந்து இரண்டு தக்காளி எடுத்துக் கொடுத்தார். ஹைக்கர்கள் தங்க சர்ச் நடத்தும் ஹாஸ்டலும் இப்படித்தான். அவர்கள் ஜெபிக்கும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், அதோடு சரி. உங்களை எப்படியும் "ஊர் எது?" என்று கேட்பார்கள், அட்லாண்டா என்றால் "அதுக்கு முன்னாடி?" என்பார்கள். பத்தில் எட்டு வெறும் ஆர்வம். மிச்ச இரண்டுக்கு வண்டி நின்றதும் நன்றி சொல்லி இறங்கிவிட வேண்டியதுதான்.

சிக்கிக்கொண்ட பேச்சிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த தந்திரம் ஒன்று உண்டு. 2009 ஜூனில் தெற்குக் கரோலினா ஆளுநர் மார்க் சான்ஃபோர்ட் சில நாள் காணாமல் போனார். எங்கே என்று கேட்டவர்களிடம், அப்பலாச்சியன் டிரெயிலில் நடக்கிறார் என்று அவர் அலுவலகம் சொன்னது. மனிதர் இருந்தது அர்ஜென்டினாவில், காதலியோடு. தடத்து ஊர்களில் இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் தண்ணீர் எடுக்கக் கிளம்பிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் கிளம்பும் முன் தபால் வாக்குக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஜார்ஜியாவில் தேர்தலுக்கு 78 நாள் முன்பிருந்து 11 நாள் முன்பு வரை விண்ணப்பம் வாங்குவார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல் இருந்தால், அது வரும்போது நீங்கள் அநேகமாக வர்ஜீனியாவில் இருப்பீர்கள். வாக்குச்சீட்டை எந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு வரவழைப்பது என்பதை உங்கள் நடை வேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சின்ன ஊர்த் தபால் நிலையங்கள் பல சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேருகிற மாதிரி திட்டம் போடுங்கள்.